கம்புக் காக்காட பதினாறடி

நீங்க ஒரு தூண்டல் கம்பு எடுக்கப் போறீங்க எண்டா முதல்ல என்ன பாப்பீங்க?

பாரம்தானே? கையில தூக்கிப் பாத்து, லேசா இருந்தா இது நல்லம் எண்டு எடுத்துட்டு வந்திருவீங்க. நானும் அப்பிடித்தான். எங்கட மருதமுனை முழுக்க அப்பிடித்தான். எங்கள அப்பிடிப் பாக்கப் பழக்கின மனிசனப் பத்தித்தான் இப்ப எழுதப் போறன். பேர் எழுதமாட்டன். ஆள் இன்னம் எங்கட ஒழுங்கையாலதான் சைக்கிள்ள போறாரு, வாறாரு, என்னக் கண்டா சலாமும் சொல்றாரு. ஊருக்குள்ள கம்புக் காக்கா எண்டுதான் அவருக்குப் பேர், எங்கட பக்கம் காக்கா எண்டா அண்ணன். அது போதும்.

ஆளும் ஒரு கம்புதான். நெட்டை, ஒல்லி, நடக்கக்குள்ள மேல்பக்கம் மட்டும் கொஞ்சம் ஆடும். தொழில் நெசவு. வீட்டு முன் சாய்ப்புல சாறன் நெய்யிற தறி ரெண்டு போட்டிருந்தாரு. காலையில தறி. பின்னேரம் அசர் தொழுதா தூண்டல். வெள்ளிக்கிழமை எண்டா ஜும்ஆ முடிஞ்ச கையோட தூண்டல். பொஞ்சாதி, புள்ளயள், தறி எல்லாம் அதுக்குப் பொறகுதான்.

இதுல பகிடி என்னெண்டா, எங்கட ஊர் கடலுக்கு மேலேயே கிடக்குற ஊர். விடிஞ்சா கரைவலை இழுக்குற சத்தத்துலதான் எழும்புவம். ஒரு வலை இழுத்தா நூறு பேருக்குக் கறி. அப்பிடி ஊர்ல ஒரு வளந்த மனிசன், ரெண்டு புள்ளைக்கு வாப்பா, கம்பத் தூக்கிக்கிட்டு மேற்கால வாய்க்காலுக்கும் குளத்துக்கும் போறாரெண்டா சும்மா விடுவாங்களா? தோணிக்காரங்க வேணுமெண்டே கேப்பாங்க.

"என்ன காக்கா, கடல் வத்திப் போச்சா?"

"கடல் வத்தயில்ல. நீங்க கொண்டு வாற மீன்ட ருசிதான் வத்திப் போச்சி."

"உள்ளங்கையளவு யப்பான் மீனுக்கு இத்தப் பெரிய கம்பா?"

அது கேட்டா மட்டும் ஆளுக்குக் கொஞ்சம் ரோசம் வரும். சைக்கிள நிப்பாட்டிப் போட்டு விளக்கம் குடுப்பாரு. யப்பான் மீனும் பனையானும் சின்ன மீன். ஆழத்துல நிக்காது. கரை ஓரமா தாமரை இலைக்கும் புல்லுக்கும் நடுவுல நிக்கும். வீசி எறிஞ்சா முள்ளு இலையில மாட்டும். தண்ணிக்குள்ள இறங்கினா கலங்கும். அதால கம்பு நீளமா வேணும், தள்ளி நிண்டு, ரெண்டு இலைக்கு நடுவுல புழுவ நேரா கீழ இறக்கணும். "உன்ட நிழல் தண்ணியில விழப்படாது. விழுந்தா மீன் உன்னப் பாத்துரும்" எண்டுவாரு. நீளக் கம்ப அசர்ல இருந்து பொழுது பட்டு மஃரிப் வரும் மட்டும் ஒத்தக் கையில நீட்டிப் புடிக்கணும், அதால லேசா வேணும். சின்ன மீனுக்குத் தடிச்ச கம்பு புடிச்சா மீன் கொத்துறது கைக்குத் தெரியாது. இதுதான் கணக்கு.

நான் அப்ப ஏ.எல். எழுதிப்போட்டு, கெம்பஸ் கிடைக்கும் மட்டும் சும்மா திரிஞ்ச காலம். சூறாவளி அடிச்சி ரெண்டு வருஷம், ஊர்ல பாதித் தென்னை இன்னம் விழுந்த பாட்டுலயே கிடந்திச்சி. எனக்கு உலகத்துல தெரியாதது ஒண்டுமில்ல எண்டு நினைப்பு. வாய் நீளம். அப்பிடியிருந்த நான் இந்த மனிசனுக்குப் பின்னால நாய்க்குட்டி மாதிரித் திரிஞ்சன் எண்டா, ஆள்ட மயக்கு அப்பிடி.

மாசத்துல ஒருக்கா மேல் பக்கத்துல இருந்து மூங்கில் லொறி வரும். பந்தல் போட, வேலி கட்ட, கூரைக்கு எண்டு ஆக்கள் வாங்குவாங்க. பெரிய மூங்கிலுக்கு அடியில மெல்லிசு மெல்லிசா ஒரு கட்டுக் கிடக்கும். அதுலதான் தூண்டல் கம்பு. லொறி நிண்டா முதல் ஆள் கம்புக் காக்கா. அவர் வந்து நிக்கிறதக் கண்டா தபால்கார அண்ணன், ஸ்கூல் மாஸ்டர்மார், எங்கள மாதிரி வேலையில்லாத கோஷ்டி எல்லாம் கூடிரும். "காக்கா, எனக்கொண்டு பாத்துத் தாங்க." "காக்கா, எனக்கும்."

அவர் பாக்கிறதப் பாக்கணும். கட்டக் கலைச்சி ஒவ்வொண்டா எடுப்பாரு. சுட்டு விரலுக்கு மேல குறுக்கால வைப்பாரு. நுனிப் பக்கம் சரிஞ்சா தூர வீசு. பொறகு அடியக் கண்ணுக்கிட்ட வச்சி நீளத்துக்குப் பாப்பாரு, வளைவிருக்கா எண்டு. பொறகு ஒரே ஒரு குலுக்கு. நுனி ஆடி நிக்கிற மட்டும் மூச்சு விடமாட்டாரு. நாங்களும் விடமாட்டம்.

கடைசியா ஒண்டு செய்வாரு. வெட்டின அடிப் பக்கத்த மூக்குக்கிட்டக் கொண்டு போய் ஒருக்கா மணந்து பாப்பாரு.

"கம்பென்ன அத்தரா காக்கா?" எண்டு எல்லாரும் சிரிப்பம். அவரும் எங்களோட சேந்து சிரிப்பாரு. மணந்துபோட்டுக் கம்ப ரெண்டு பக்கமாப் பிரிப்பாரு. இடப்பக்கம் ஒரு குவியல், எங்களுக்கு. வலப்பக்கம் ஒண்டோ ரெண்டோ, அவருக்கு.

"இது எப்பிடி?" எண்டு என்ட கையில ஒண்டத் தருவாரு. யா அல்லாஹ், கையில ஒண்டுமே இல்லாத மாதிரி இருக்கும்! "லேசா காக்கா?" "நீயே பாரு, எத்த லேசு." மெய்தான், லேசுதான். கொண்டு போய் குசினியில அடுப்புப் புகட்டுக்கு மேல காயவச்சி, தங்கூசி நூல் கட்டி, மயிலிறகுக் காம்ப மிதப்புக்குப் போட்டு, ரெண்டு மாசம் ராசா மாதிரித் திரிவன். மூணாம் மாசம் ஒரு நல்ல மீன் கொத்தும். இழுப்பன். டொக். மூணாவது கணுவுக்கு மேல முறிஞ்சி, மீனும் நுனியும் தண்ணிக்குள்ள போயிரும்.

அவரிட்ட ஓடினா முறிஞ்ச துண்டத் திருப்பித் திருப்பிப் பாத்துப்போட்டுச் சொல்லுவாரு:

"உனக்குக் கை பாரம் தம்பி."

நாலு கம்பு அப்பிடி முறிஞ்சிச்சி. தபால்காரருக்கு ரெண்டு. மாஸ்டருக்கு மூணு. எல்லாருக்கும் கை பாரமாம். நான் அத நம்பினன். வல்லாஹி நம்பினன். தேத்தண்ணிக் கோப்பயக் கூட மெல்லமா வைக்கப் பழகினன். சைக்கிள் ஹாண்டில இறுக்கிப் புடிக்கமாட்டன். என்ட கையில ஏதோ குறை இருக்கெண்டு ஒரு இருபது வயசுக்காரன் ரெண்டு வருஷம் நினைச்சுக்கிட்டுத் திரியிறதெண்டா எப்பிடி இருக்கும் சொல்லுங்க. அவர்ட கம்பு மட்டும் முறிஞ்சதே இல்ல. பதினாலடி, தேன் நிறம், அடியில அவரே நெசவு நூலால சுத்தின புடி. அத ஒருத்தருக்கும் தொடவும் குடுக்கமாட்டாரு.

ஆள் பொய் சொல்லமாட்டாரு. இத எழுதாம விட்டா நான் பொய்க்காரனாகிருவன். உண்மையிலேயே அவர்ட வாயில பொய் வராது. பள்ளிவாசல்ல ஒரு வழக்கெண்டா மரைக்கார்மார் அவரக் கூப்பிட்டுத்தான் சாட்சி கேப்பாங்க. ஆனா கேட்டதுக்குத்தான் பதில். அதுக்கு மேல ஒரு சொல்லு வராது.

ஒருக்கா அவர்ட பழைய சைக்கிள ஒரு மாஸ்டருக்கு வித்தாரு. மாஸ்டர் கேட்டாரு, "காக்கா, பிரேக் புடிக்குமா?"

"வடிவாப் புடிக்கும்."

மாஸ்டர் சந்தியில பிரேக்கப் புடிச்சாரு. புடிச்ச பிரேக் விடுதில்ல! ரோட்டுல சைக்கிளத் தோள்ல தூக்கிக்கிட்டு, டை கட்டின மனிசன், வேர்க்க வேர்க்க வந்து தேத்தண்ணிக் கடை வாசல்ல போட்டாரு. "என்ன காக்கா இது?" கம்புக் காக்கா பணிஸ் சாப்பிட்ட வாயத் துடைச்சிப்போட்டு, "நீங்க புடிக்குமா எண்டுதானே கேட்டீங்க மாஸ்டர். விடுமா எண்டு கேக்கயில்லியே?"

கடையே சிரிச்சிச்சி. மாஸ்டரும் கடைசியில சிரிச்சிட்டாரு. நான் மேசையில அடிச்சடிச்சி விழுந்து சிரிச்சன். அந்தச் சிரிப்பு இப்பவும் ஞாபகம் வருது. வந்தா எரியுது.

எங்கட ராத்தாக்கு இறக்காமத்துல இருந்து ஒரு கலியாணப் பேச்சு வந்திச்சி. ராத்தா என்ன விட மூணு வயசு மூப்பு. தறியில இருந்தா ஒரு நாளைக்கு ரெண்டு சாறன் இறக்குவா, வாயில நான் அவவுக்கிட்ட நிக்க ஏலாது. வீடு கட்டி முடிஞ்சி மூணு வருஷம், மாப்பிள்ளைதான் சரிவரயில்ல. எங்கட பக்கம் வீடு பொம்புளப் புள்ளைக்குத்தான், அவட பேர்லதான் எழுதுற, மாப்பிள்ளை வந்து அந்த வீட்டுல இருக்கிற. அதால வாற ஆள் எப்பிடி எண்டு வடிவா விசாரிக்கணும். வழமையில மூணாம் மனிசர் ஒருத்தர அனுப்பித்தான் விசாரிக்கிற. சொந்தக்காரன் போனா அங்க நடிப்பாங்க.

வாப்பா கம்புக் காக்காவக் கூப்பிட்டாரு.

"நீதான் போகணும். உன்ட வாயில பொய் வராது. கம்புல வளைவு பாக்கிற கண்ணு உனக்கு, மனிசனையும் பாத்துட்டு வா."

கம்புக் காக்கா, "என்ன பாக்கணும் எண்டு சொல்லுங்க மச்சான்" எண்டாரு.

வாப்பா விரல மடக்கினாரு. தொழுறானா. குடி, சூது இருக்கா. கோவக்காரனா. வயல் சொந்தமா, குத்தகையா. உம்மாக்காரி எப்பிடி. அஞ்சு விரல் முடிஞ்சிச்சி. மாப்பிள்ளைக்கு ஏற்கனவே பொஞ்சாதி இருக்கா எண்டு ஆரும் கேட்டனுப்பமாட்டாங்க. அப்பிடிக் கேட்டா அந்தக் குடும்பத்துட மூஞ்சில அடிச்ச மாதிரி. பேச்சு அதோட உடைஞ்சிரும். இருந்தா போற ஆள் வந்து சொல்லத்தானே போறார் எண்டுதான் எல்லாரும் இருக்கிற.

"இவனையும் கூட்டிட்டுப் போ, ஆரெண்டு அங்க சொல்லாத" எண்டு வாப்பா என்னக் காட்டினாரு. "ரெண்டு கண்ணுக்கு நாலு கண்ணு."

இறக்காமம் எண்ட பேர கம்புக் காக்காட வாயில அதுக்கு முதல்ல ஆயிரம் தரம் கேட்டிருக்கன். "இறக்காமத்துல குளத்துக்கட்டுக்குக் கீழ ஒரு மூங்கில் பத்தை இருக்கு தம்பி. மெல்லிசு மூங்கில். கணு தூரம் தூரம். ஒரு கம்பு பதினாறடி ஒரே நேரா நிக்குது. வளவுக்காரன் ஒரு தடி வெட்ட விடமாட்டான், யானைக்குப் பட்டாசு போடுற மாதிரி எனக்கும் போட்டான்." அந்தப் பத்தையப் பத்திக் கதைக்கக்குள்ள ஆள்ட குரலே மாறும். அந்த வளவு ஆர்ட வளவு எண்டு நான் கேக்கயில்ல.

பஸ்ஸுல போனம். அவர்ட பதினாலடிக் கம்பையும் எடுத்திட்டாரு, ஜன்னலால வெளிய நீட்டி, பஸ்ஸுட உடம்போட ஒட்டினாப்புல சம்மாந்துறை தாண்டியும் புடிச்சிட்டே வாறாரு. கொண்டக்டர் கத்துறான், "ஐயா, கலியாணம் பேசப் போறீங்களா, மீன் புடிக்கப் போறீங்களா?" "ரெண்டும்" எண்டாரு. கேட்டதுக்குப் பதில்.

இறங்கிக் குளத்துக்கட்டால நடந்தம். தாமரை விரிஞ்சி கிடக்கு, தண்ணி தட்டு மாதிரி நிக்குது. கட்டுக்குக் கீழ மாப்பிள்ளை வீடு, ஓட்டுக் கூரை தெரியுது. நான் வீட்டுப் பக்கம் இறங்கப் பாத்தன். அப்பதான் மனிசன் அந்த வேலையச் செஞ்சாரு.

அவர்ட கம்ப என்ட கையில தந்தாரு.

"நீ இஞ்ச நில்லு. இந்த நேரம் கொத்தும். நான் போய்க் கதைச்சிட்டு வாறன்."

"உங்கட கம்பு காக்கா?"

"இண்டைக்கு நீ புடி."

என்ன எழுதி என்ன. ரெண்டு வருஷம் தொடக் கிடைக்காத கம்பு. புடியில அவர்ட கை வேர்வை மணம். லேசுதான், ஆனா எங்களுக்குத் தந்த கம்பு மாதிரிக் காத்து லேசு இல்ல, உள்ளுக்குள்ள ஏதோ ஒண்டு நேரா ஓடுற மாதிரி. முதல் மீன் கொத்தினது தோள்மூட்டு மட்டும் தெரிஞ்சிச்சி. அதுக்குப் பொறகு எனக்கு மாப்பிள்ளையும் இல்ல, ராத்தாவும் இல்ல, உலகமும் இல்ல. மத்தியானம் லுஹருக்கு நிண்டவன் அசர் பாங்கு கேக்கும் மட்டும் நிண்டன். கம்பு முறியயில்ல. என்ட கையில பாரமே இல்ல! முப்பத்தி நாலு யப்பான் மீன், புல்லுல கோத்து வச்சிருந்தன்.

அவர் கட்டேறி வந்தாரு, வாயத் துடைச்சிக்கிட்டு. "போவம்" எண்டாரு. "மாப்பிள்ளை எப்பிடி காக்கா?" "லேசான மனிசன். கோவமே வராது." அவ்வளவுதான். நான் அந்த வீட்டுப் படலையக் கூடத் தாண்டயில்ல.

அண்டைக்கு வாப்பாக்கு அஞ்சு விரலுக்கும் அஞ்சு பதில் சொன்னாரு. தொழுறாரு. குடி, சூது இல்ல. கோவமில்ல. வயல் சொந்தம், ரெண்டு போகம் வேளாண்மை. உம்மா நல்ல மனிசி. அஞ்சும் உண்மை. ராத்தா குசினிக்குள்ள இருந்து இதெல்லாம் கேட்டுக்கிட்டே நான் புடிச்ச மீன ஆய்ஞ்சா. ஆய்ஞ்சு, மஞ்சள் உப்புப் போட்டுப் பொரிச்சி, கம்புக் காக்காக்கும் ஒரு பீங்கான் தட்டுல வச்சிக் குடுத்தா. "நல்ல ருசி புள்ள" எண்டு அவர் சாப்பிட்டாரு.

கலியாணம் முடிஞ்சிச்சி. மாப்பிள்ளை மச்சான் நல்ல மனிசன்தான், என்ன, மாசத்துல பாதி வயல் எண்டு போயிருவாரு. யானை வருதாம், காவல் இருக்கணுமாம். ஒரு கிழமை பத்து நாளாகும், பத்து நாள் பதினஞ்சாகும். கலியாணம் முடிஞ்ச அடுத்த கிழமையே கம்புக் காக்காட கையில ஒரு புதுக் கம்பு. பதினாறடி. ஊரே நிண்டு பாத்திச்சி. நானும் நிண்டு பாத்து, "எங்கால காக்கா?" எண்டன். "இறக்காமத்தால" எண்டாரு. பத்தைக்காரன் மனம் மாறிட்டான் போல எண்டு எனக்குச் சந்தோசம். பாருங்க, சந்தோசம்!

கலியாணம் முடிஞ்சி ஏழாம் மாசம். ராத்தா வயித்துல புள்ளை. மச்சான் போய் மூணு கிழமை, ஆளுமில்ல தகவலுமில்ல. யானை ஏதும் அடிச்சிட்டோ எண்டு உம்மா அழுறா. நான் பஸ் ஏறினன்.

இந்த முறை கட்டுல நிக்கயில்ல, நேரா இறங்கினன். படலைக்குப் பக்கத்துல மூங்கில் பத்தை. மெல்லிசு மூங்கில், கணு தூரம் தூரம். நடுவால ரெண்டு வெட்டின அடி. கணுவுக்கு நாலு விரல் மேல, சரிவா, ஒரே வெட்டு. அந்த வெட்டு ஆர்ட வெட்டெண்டு எனக்குத் தெரியும், எத்தனை தரம் பக்கத்துல நிண்டு பாத்திருக்கன். கொடியில ஒரு சின்னப் புள்ளைட சட்டை காயுது.

ஒரு பொம்புள வெளிய வந்தா. முந்தானையத் தலையில இழுத்துவிட்டு என்ன ஒரு பார்வை பாத்தா.

"மருதமுனைத் தம்பியா?"

"ஓம்."

"இருங்க. அவர் வயலுக்குப் போன. வாற நேரம்தான்."

"நீங்க?"

உள்ளால ஒரு பொடியன் ஓடி வந்து அவட காலக் கட்டினான், நாலு வயசிருக்கும், மச்சான்ட மூக்கு அப்பிடியே. கையில ஒரு சின்னத் தூண்டல். முழங்கை நீளம், நூல் சுத்தின புடி. நான் அதப் பாக்கிறதப் பாத்திட்டு அவ சொன்னா:

"அண்டைக்கு வந்தாரே உங்கட ஊர்க் காக்கா, அவர் செஞ்சி குடுத்த. இவன் அவர்ட மடிய விட்டு இறங்கவேயில்ல. நான்தான் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன். மாமாட பத்தையில ரெண்டு தடி கேட்டாரு. மாமா ஒருத்தருக்கும் குடுக்காத மனிசன், சரி, கலியாணம் முடிய வந்து வெட்டிக்க, ஊருக்குப் போய்த் தேவையில்லாததக் கதைக்காத எண்டாரு." கொடியில கிடந்த சட்டைய எடுத்துக்கிட்டு, "உங்களுக்குத் தெரியும் எண்டுதான் நாங்க நினைச்சம். நீங்களும் அண்டைக்குக் கட்டுல நிண்டீங்கதானே? நான் கண்டன்" எண்டா.

தேத்தண்ணி தந்தா. குடிக்கயில்ல. பஸ்ஸுல வரக்குள்ள பக்கத்துல இருந்த கிழவர் "தம்பிக்குச் சுகமில்லியா?" எண்டு கேட்டாரு. அப்பதான் தெரியும் நான் அழுறன் எண்டு.

வீட்டுக்குப் போகயில்ல. நேரா அவர்ட தறிச் சாய்ப்பு. அசருக்குக் கொஞ்சம் முந்தின நேரம். மனிசன் தறியில இருக்காரு, காலு மிதிக்குது, நாடா ஓடுது, டக்கு டக்கு எண்டு. பதினாறடி கூரை இறப்புல சாத்திக் கிடக்கு.

"அங்க பொஞ்சாதி புள்ளை இருக்கு."

"ஓம்."

"உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

"ஏன் சொல்லயில்ல?"

"ஆர் கேட்ட? உன்ட வாப்பா அஞ்சு கேட்டாரு, அஞ்சுக்கும் சொன்னன். அதுல ஒண்டு பொய்யெண்டு சொல்லு பாப்பம்."

தறி நிக்கயில்ல. அதுதான் என்னக் கூட எரிச்சிச்சி. ஆள் ஒளிக்கவுமில்ல, பயப்பிடவுமில்ல, சாறன்ட கட்டம் பிசகாமப் பாத்துப் பாத்து நெய்யிறாரு. அப்பதான் எனக்கு விளங்கிச்சி, இந்த மனிசனிட்ட நான் இத்தினை வருஷமா ஒண்டையும் கேக்கயில்ல எண்டு. சரி, இப்ப கேக்கிறன் எண்டு கேட்டன்.

"எங்களுக்குத் தந்த கம்பெல்லாம் ஏன் முறிஞ்சிச்சி?"

"இப்ப கேட்ட பாரு" எண்டாரு. கொஞ்சம் சந்தோசமாக் கூட இருந்த மாதிரி. "அது இளசு. இளசு காஞ்சா நல்ல லேசு, ஆனா உள்ளுக்கு மா மாதிரி. வெட்டின வாயில இனிப்பு மணம் இருக்கும். இனிக்கிற கம்ப வண்டு உள்ளால திங்கும், மூணு மாசம் போதும். முத்தினது மணக்காது."

"அதுக்குத்தான் மணந்து பாத்தயா?" மரியாதை போச்சி.

"ஓம்."

"அப்ப என்ட கை பாரமில்லியா?"

"உன்ட கை நல்ல கை தம்பி."

வேற எதுவும் சொல்லியிருந்தா அடிச்சிருப்பன்.

"ஒரு கம்புக்காகவா எங்கட ராத்தாவ..."

இப்பதான் தறி நிண்டிச்சி. ஆள் என்னத் திரும்பிப் பாத்தாரு. யோசிக்கிறாரு, சரியான பதில் சொல்லணும் எண்டு யோசிக்கிறாரு.

"ரெண்டு கம்பு."

பாஞ்சி இறப்புல கிடந்த பதினாறடிய இழுத்தன். முழங்கால்ல குறுக்கால வச்சி ரெண்டு கையாலயும் அமத்தினன். முறியுதில்ல! வளையுது. வில்லு மாதிரி வளையுது. விட்டா நேரா நிக்குது. காலால மிதிச்சன், தூணுல அடிச்சன். தோல்ல ஒரு கீறு விழயில்ல. அத்த நல்ல கம்பு. நான் மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கிறன், அவர் பாத்துக்கிட்டு இருக்காரு. கடைசியில அதத் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய வந்தன். ஒழுங்கை முனைக்கு வந்திட்டன், பின்னால சத்தம்:

"தம்பி! நுனிய மண்ணுல இழுக்காத, தேஞ்சிரும். அடியால தூக்கு!"

ராத்தாட்ட நான்தான் சொல்லணும். சொன்னன். அவ தறிக்கட்டையில இருந்தா, வயித்துல கை வச்சிக்கிட்டு. அழயில்ல, மச்சானப் பத்தி ஒண்டும் கேக்கயில்ல, கம்புக் காக்காவத் திட்டவுமில்ல.

"நீயும்தானே போன?"

"ஓம்."

"நீ என்ன செஞ்ச?"

"மீன் புடிச்சன்."

"எத்தினை?"

"முப்பத்தி நாலு."

"ஓம்," எண்டா, "நான்தானே ஆய்ஞ்சன்."

அதுக்குப் பொறகு ரெண்டு மாசம் என்னோட கதைக்கயில்ல. நான் அந்த ரெண்டு மாசத்துலதான் கெம்பஸுக்குப் போனன்.

மச்சான் வந்தாரு. கோவமே வராத மனிசன் எண்டது மெய்தான், வாசல்ல நிண்டு மெல்லமாச் சொன்னாரு, மார்க்கத்துல இடமிருக்கு, ரெண்டு பக்கமும் சரிசமனாப் பாக்கிறன் எண்டு. ராத்தா உள்ளுக்கு நிண்டே கேட்டா, "இடமிருக்கிறது எனக்கும் தெரியும். கலியாணத்துக்கு முதல்ல ஏன் சொல்லயில்ல?" வீடு ராத்தாட பேர்ல. கதவு திறக்கயில்ல. மூணாம் தரம் வந்துபோட்டுப் பொறகு வரயில்ல.

வாப்பா இப்ப ஆரையும் எதையும் பாத்துட்டு வரச்சொல்றதில்ல. கத்தரிக்காய் வாங்குறதெண்டாலும் அவரேதான் போறாரு.

கம்புக் காக்கா ஒரு நாளும் கம்பத் திருப்பிக் கேட்டு வரயில்ல. அவர்ட்ட மத்தது இருக்குத்தானே. மூங்கில் லொறி இப்பவும் வருது, ஆக்கள் இப்பவும் அவரத்தான் கூப்பிடுறாங்க, அவர் மணந்து மணந்து ரெண்டு பக்கமாப் பிரிக்கிறாரு. நான் ஒருக்கா லீவுல வந்த நேரம் லொறிக்கிட்டப் போய் எல்லாருக்கும் கேக்கச் சொன்னன், இடப்பக்கம் கிடக்கிறது இளசு, வண்டு திங்கும் எண்டு. தபால்காரர் ஒரு கம்ப விரல்ல வச்சிப் பாத்துப்போட்டு, "இல்ல தம்பி, நல்ல லேசாத்தானே இருக்கு" எண்டாரு. கம்புக் காக்கா என்னப் பாத்து, "தம்பி சொல்றது சரி" எண்டாரு. ஒருத்தரும் அவரிட்டத் திருப்பிக் கேக்கயில்ல. கம்பெல்லாம் வித்து முடிஞ்சிச்சி.

பதினாறடி எங்கட வளவுல நிக்குது. கொடிக்கயிறு தொய்யாம நடுவால முட்டுக் குடுத்திருக்கு. ராத்தாட மகன்ட சட்டை அதுல காயுது, அவனுக்கும் இப்ப நாலு வயசு. மழை தூறுது. உடுப்ப எடுக்கச் சொல்லி ராத்தா கூப்பிடுறா.